எதிர்ப்பு சக்தி கூடிய நாள்

எதிர்ப்பு சக்தி என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொரோனாவுக்குப் பிறகு வெள்ளவத்தையில் அதைச் சொல்லாத வாய் கிடையாது. கொத்தமல்லி விற்கிறவன்கூட அதைச் சொல்லித்தான் விற்கிறான்.

என் மகளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சில் சளி பசைபோலக் கட்டிக்கொள்ளும், அதற்குள் கிருமி குடியிருக்கும். பன்னிரண்டு வயதுவரை எல்லாரும் தொய்வு, ஆஸ்துமா என்றே சொன்னார்கள். காய்ச்சல் வந்தால் காலி வீதிப் பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுப்பேன். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவேன். மருந்து சூடு, பிள்ளையின் வயிறு புண்ணாகிவிடும் என்று செவ்விளநீர் வெட்டிக் கொடுப்பேன். மிச்சக் குளிசைகளை அடுத்த தடவைக்கென்று அலுமாரியில் வைப்பேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

நோயின் பெயர் தெரிந்த பிறகு நெபுலைசர் வந்தது. காலையும் மாலையும் நான் முதுகில் தட்டிச் சளியை இளக்குவேன், அவள் முகமூடியைப் போட்டுக்கொண்டு கிருமியைக் கொல்லும் மருந்துப் புகையை இழுப்பாள். சிநேகிதிகள் ரியூசன் முடிந்து ஐஸ்கிறீம் குடிக்கப் போவார்கள், இவள் வீட்டுக்கு ஓடி வருவாள். ஆறு வருஷம் இப்படியே போனது.

அவளுக்குப் பதினெட்டு வயதானபோது ஒரு நாள் கிளினிக்கில் சளிப் பரிசோதனை ரிப்போட் வந்தது. டொக்டர் அதைப் பார்த்துச் சிங்களத்தில் வேகமாகக் கதைத்தார். என் சிங்களம் மரக்கறிக் கடைக்குத்தான் காணும். மகள் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தாள். பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். பாவம், அவளைச் சுற்றி இருபது பேர்.

"அன்ரி, எதிர்ப்பு சக்தி கூடிட்டுது. இந்த மருந்து இனி வேண்டாமாம். எல்லாம் கடிதத்தில இருக்கு," என்றாள்.

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. மகள் வந்ததும் விஷயத்தைச் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன். இங்கிலிஷ் கடிதம். நின்ற இடத்திலேயே வாசித்தாள், மடித்துப் பையில் வைத்தாள். ஓமம்மா, இனிப் புகை வேண்டாமாம் என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். கனடாவிலிருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன். கேசரி கிண்டி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொட்டாஞ்சேனை அம்மனுக்கு வைத்திருந்த நேர்த்திக்கடனைத் தீர்த்தேன். நெபுலைசரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கொதித்தது. துப்பிய சளியில் இரத்தம். வார்ட்டில் டொக்டர் என்மேல் பாய்ந்தார். அன்றைக்கே கொண்டுவந்து அனுமதிக்கச் சொல்லித்தானே கடிதம் தந்தேன், ஊசி மருந்து ஏற்றவேண்டும் என்று எழுதினேனே, எங்கே போயிருந்தாய் என்று கேட்டாராம், அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் திருதிருவென்று முழித்தேன். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு சின்ன டொக்டர்தான் பக்கத்தில் வந்திருந்து சொன்னார்.

"அம்மா, சக்தி கூடினது பிள்ளைக்கில்ல. கிருமிக்கு."

எந்த மருந்தையும் அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி அதைப் பழகிக்கொள்ளும் என்றும் சொன்னார். நான் எதையும் ஒளிக்கவில்லை, அலுமாரிக் குளிசைக் கதையைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மிஸ்ஸைத் தேடிப்போய் நாலு பேருக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் என்ன செய்வாள்? பிள்ளையின் உடம்புக்குக் கூடினாலும் கிருமிக்குக் கூடினாலும் நம்முடைய பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்.

மிஞ்சியிருந்த ஒரே மருந்தை மூன்று கிழமை ஏற்றினார்கள். உயிர் தப்பியது. வலது நுரையீரலின் கீழ்ப்பாதி தப்பவில்லை. இப்போது இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு தடவை நிற்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, கடிதத்தில் இருந்தது அவளுக்கு விளங்கியதா என்று கேட்டேன். பொய் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம்.

"விளங்கினது. நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. எனக்கும் ஒருக்கா சுகமான பிள்ளையா இருந்து பார்க்க வேணும் போல இருந்தது, அம்மா."

அந்தப் பதினெட்டு நாளும் அவள் சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போனாள், சத்தம் போட்டுச் சிரித்தாள், பிந்தி எழும்பினாள். என்னிடம் கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.