நாகலெட்சுமி மூக்கும் பால்பழ அத்தரும்

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் போய் நாகலெட்சுமி எங்கே என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மூக்குக்காரி என்று கேளுங்கள், அவள் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிசு இல்லை. ஆனால் அதுக்கு ஆகாதது என்று ஒன்றா இரண்டா, அடேயப்பா! லயத்தில் ஒரே சுவரை ஒட்டின பக்கத்துக் காம்பராவில் கருவாடு சுட்டால் இவள் இங்கே ஓங்கரிப்பாள். கங்காணி முதல் நாள் ராத்திரி குடித்திருந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பத்தடி தள்ளி நின்றே "ச்சீ, கருமம்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். புருஷன்காரன் உயிரோடு இருந்தவரைக்கும் அவனை வாசலிலேயே நிறுத்தி, கால் கை கழுவ வைத்துத்தான் உள்ளே விடுவாள். அவன் செத்த பிறகு அதைச் சொல்லி ஒருநாள் அழுதிருக்கிறாள். குணம் மட்டும் மாறவில்லை.

சின்னப் பிள்ளையிலேயே கூடை கட்டினவள். இருபது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்து, ஒரு மழைநாள் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு விலகிப்போச்சு. அதற்குப் பிறகுதான் ஸ்டோரில், அதாவது தேயிலைத்தூள் ஆக்குகிற இடத்தில், வேலை கிடைத்தது. அங்கே அட்டைக்கடி இல்லை, மழை இல்லை. தூள் காய வைக்கும் அடுப்புச் சூடு பக்கத்து அறையிலிருந்து இதமாக வந்துகொண்டே இருக்கும். சாக்கை விரித்து உட்கார்ந்து, தூளில் கிடக்கும் சிவப்புக் குச்சிகளைப் பொறுக்கிப் போடவேண்டும், அவ்வளவுதான். மறுபடி மலைக்கு அனுப்பினால் இந்தக் கால் அதோடு போச்சு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்டோருக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூ வைக்கக்கூடாது, சென்ட் போடக்கூடாது, வெங்காயம் கொண்டுவரக்கூடாது. எந்த வாடை பட்டாலும் தேயிலைத்தூள் அதை வாங்கிக்கொள்ளும். நாகலெட்சுமிக்கு இதைவிடப் பிடித்த சட்டம் உலகத்தில் கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி அடைமழையில், அம்மாக்கண்ணு வந்து அவள் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்தாள். இருபது வயசு இருக்கும். மூன்று மாசக் கைக்குழந்தையைக் காய்ச்சலில் பறிகொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. கொஞ்ச நாள் ஸ்டோரில் இருக்கட்டும் என்று தோட்டத்துத் துரை இரக்கப்பட்டு விட்டிருந்தார். சாவு வீட்டுக்கு நாகலெட்சுமியும் போய் மாரடித்து அழுதுவிட்டு வந்தவள்தான். இருந்தாலும் முதல் நாளே மூக்கு வேலையைக் காட்டிவிட்டது.

"இங்க யாருகிட்டடி மோர் புளிச்ச நாத்தம் வருது? குளிக்கிறதே இல்லையா நீங்கள்லாம்?" என்று பொதுவில் ஒரு சத்தம் போட்டாள். பொம்பளைகள் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு குனிந்த தலை நிமிராமல் குச்சி பொறுக்கினாள்.

மூன்றாம் நாள் அந்த நாற்றம் போய், அம்மாக்கண்ணு பக்கமிருந்து இன்னொன்று வந்தது. எடுத்த எடுப்பில் நல்லாத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. சுண்டக் காய்ச்சின பாலில் கதலிப்பழத்தைப் பிசைந்துவிட்ட மாதிரி ஒரு வாசம். கல்யாணத்தன்றைக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஊட்டுகிற பாலும் பழமும்தான் நாகலெட்சுமிக்கு ஞாபகம் வந்தது. பொழுது ஏறி அடுப்புச் சூடு உடம்பில் பட்டதும் பால் பின்னுக்குப் போய்ப் பழம் முன்னுக்கு வந்தது. அதுவும் கதலி இல்லை, வெடித்து ஈ மொய்க்கிற பலாப்பழம். நாக்கிலேயே தித்திப்பாக ஒட்டிக்கொண்டது. மத்தியானம் வேர்வை சேர்ந்தது பாருங்கள், அப்போதுதான் குடலைப் புரட்டியது. பழம் அழுகி, பால் திரிந்து, பிள்ளை கக்கின துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் எப்படி நாறுமோ அப்படி நாறியது. சாயங்காலம் அதுவும் காய்ந்து, காறிப்போன நெய்யாக அவள் தோலிலேயே உட்கார்ந்திருந்தது.

நாகலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏ புள்ள, என்ன கருமத்தடி பூசிக்கிட்டு வர்ற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததா இந்த நாத்தம் நாறுது? புள்ள போயி மாசம் ஆகல, அதுக்குள்ள மினுக்குக் கேக்குதா ஒனக்கு?"

அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க நாகலெட்சுமி தண்ணி பிடிக்கிற பீலியடியிலும் இதையே பேசினாள். பேசப் பேச அருவருப்புக் கூடிக்கொண்டே போனது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் முத்துலிங்கம் ஐயா தினமும் தூளை ஊற்றிக் குடித்துப் பார்த்துத் துப்புகிறவர். ஒரு நாள் காலையில் வாயில் வைத்தவர், தேயிலையில் பழ வாடை அடித்து முகத்தைச் சுளித்தார். இன்னொரு கிண்ணத்தை எடுத்தார், அதுவும் அப்படியே. துரைக்கு ஆள் போனது. துரையும் வந்து ஒரு மடக்கு வைத்து, தூ என்று துப்பினார். இது யார் வேலை என்று கண்டுபிடித்து நாளைக்கே மலைக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முத்துலிங்கம் ஐயா பொம்பளைகளை வரிசையாக நிறுத்தினார். "நாகலெட்சுமி, வா இங்க. ஒனக்குத்தான் மூக்கு இருக்கே. ஒவ்வொருத்தியா மோந்து பார்த்துச் சொல்லு. மறைச்சியோ, நீயும் மலைக்குத்தான்."

அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், ஏன் பொய் சொல்லவேண்டும்? ஒழியட்டும் சனியன் என்றுதான் போனாள். முதல் ஆள் தலையில் தேங்காயெண்ணெய். அடுத்தவள் வாயில் வெற்றிலை. அதற்கடுத்தவள் சேலையில் விறகுப்புகை. கடைசியில் அம்மாக்கண்ணு. முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் கழுத்தோரம் குனிந்தாள். பலாப்பழம் குப்பென்று அடித்தது. இன்னும் கிட்டப் போனபோது அதற்கு அடியில் வேறொன்று இருந்தது, முதல் நாள் அடித்த அதே மோர்ப் புளிப்பு. கண் தானாகக் கீழே போனது. முந்தானைக்கு அடியில் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து கிடந்தது.

"பால் நிக்கமாட்டேங்குதுக்கா," என்று அம்மாக்கண்ணு மூச்சோடு மூச்சாகச் சொன்னாள். "நாறுதுன்னு நீங்க சொன்னீங்கள்ல, வெளிய அனுப்பிருவாங்களோன்னு பயந்துட்டேன். எங்க வீட்டுக்காரருதான் அட்டன் டவுனுக்குப் போயி சரிபுதீன் நானா அத்தர் கடையில வாங்கிட்டு வந்தாரு. ரோசாப்பூ அத்தர் போட்டா பால் வாடை தனியாத் தெரியும், இந்தப் பால்பழ அத்தர்ல பால் வாசமே இருக்கு, யாருக்கும் தெரியாதுன்னு நானா சொன்னாராம்."

நாகலெட்சுமிக்கு ஒரு வாரமாகக் குமட்டிக்கொண்டு வந்ததே, அந்தக் குமட்டல் இப்போது தன் மேலேயே திரும்பியது. குடிக்கப் பிள்ளை இல்லாத பாலைப் பார்த்து மோர் என்றிருக்கிறாள். பெத்த வயிறு எரிகிறவளைப் பார்த்து மினுக்கு என்றிருக்கிறாள். தூ, இதுவும் ஒரு மூக்கு, இதுவும் ஒரு வாய்!

"குப்பி எங்க?"

முந்தானை முடிச்சில் இருந்தது. டீமேக்கர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நாகலெட்சுமியே அவிழ்த்தாள். சுண்டுவிரல் அளவுக் குப்பி. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். கொழகொழவென்று அது விரலிடுக்கில் இறங்கினபோது உடம்பெல்லாம் கூசியது. கையை உதறிவிட்டு ஓடவேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்திலும் இரண்டு கையிலும் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள்.

"என்ன அங்க? யாரு?" என்றார் ஐயா.

"நாந்தாங்கய்யா."

"நீயா? விளையாடுறியா?"

"மோந்து பாருங்க." கையை நீட்டினாள்.

கிட்டே வந்தவர் இரண்டடி பின்வாங்கிக் கைக்குட்டையை எடுத்தார். "நாறுது நாறுதுன்னு வாரம் பூராக் கத்தினது நீதானே?"

"ஆமாங்கய்யா. இந்த நாத்தம் உள்ள வந்தது என்னாலதான். வேற யாரு மேலயும் தப்பில்ல."

அதில் ஒரு சொல் பொய் இல்லை. அவள் யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் மழையில், தலையில் கம்பளியும் நெற்றியில் கூடைக்கயிறுமாக நொண்டிக்கொண்டே மலை ஏறினாள். அத்தர் போகவில்லை. சாம்பல் போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு, பீலியில் நின்று தோல் எரியத் தேய்த்தும் போகவில்லை. அவள் தோலில் பால் வாசம் ஒரு நாழிகைகூட நிற்காமல், பழம் மட்டும் தங்கி அழுகியது. நனைந்த கம்பளிக்குள்ளிருந்து எழும்பி நேராக மூக்கிலேயே ஏறியது. "என்னடி மூக்குக்காரி, புது மாப்பிள்ளையா?" என்று பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள் கேட்டாள். "ஆமாடி, ஒம் புருஷனத்தான் பாத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, செடிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் முழங்கால் வீங்கி, மடக்க முடியாமல் போச்சு.

சாயங்காலம் அம்மாக்கண்ணு காம்பரா வாசலில் வந்து நின்றாள். கையில் சூடு பண்ணின எண்ணெய்.

"இன்னைக்கு ஒண்ணும் பூசலக்கா. துணி மடிச்சு வச்சுக் கட்டிக்கிட்டுப் போனேன். நான் ரவிக்க மாத்தறப்ப எல்லாரும் மறைச்சு நின்னாங்க." அதற்கு மேல் படியேறாமல் நின்றாள். "இங்கயே நிக்கிறேன். கிட்ட வந்தா நாறும்."

"வாடி இங்க. வந்து பக்கத்துல உக்காரு."

தோளோடு தோள் பட உட்கார்ந்தாள். மோர்ப் புளிப்பு எழுந்தது. நாகலெட்சுமியின் மூக்கு பழக்கப்படி சுருங்கத்தான் செய்தது. குமட்டலும் வந்தது. கை தானாக முந்தானையைத் தூக்கியது. அதை அம்மாக்கண்ணுவின் நனைந்த நெஞ்சில் வைத்து ஒற்றினாள்.