எர்மினியா சொன்ன பதில்கள்

காசியானோவை யார் நலம் விசாரித்தாலும் பதில் அவன் மனைவி எர்மினியாவிடமிருந்துதான் வரும். "நல்லா இருக்காரு, மாதாவோட புண்ணியத்துல." கொச்சபாம்பா நகரச் சந்தையில் அவளிடம் எலுமிச்சை வாங்குகிறவர்களுக்கு இது பல வருடப் பழக்கம். பக்கத்து முக்காலியில் இருக்கும் கணவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொள்வாள்.

அவன் சிற்றுந்து ஓட்டியவன். ஓட்டும்போதே பக்கவாதம் வந்து மூளை வீங்கிவிட்டது. டாக்டர் ஒரோஸ்கோ மண்டையோட்டைத் திறந்து உயிரை மீட்டார். எர்மினியா உயிருள்ள கோழி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கும்பிட்டாள்.

அப்படித் திறப்பதால் பிழைத்தவர்கள் பின்னாளில் எப்படி வாழ்கிறார்கள் என்று டாக்டர் ஆய்வு செய்துவந்தார். அதற்காக நர்ஸ் சுல்மா அவ்வப்போது சந்தைக்கு வருவாள். "அக்கா, தானா சாப்பிடறாரா? தனியா வெளியே போறாரா?" எர்மினியா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். கோழி கொடுத்துக் கும்பிட்ட கையோடு குறை சொல்வதா?

உண்மையில் காசியானோவுக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. கண் தெரியும், ஆனாலும் அந்தப் பக்கம் மனதில் ஏறாது. முகத்தில் பாதிதான் மழிப்பான்.

"ஏண்டி, உன் புருஷன் என்ன அரைத் தாடியோட உக்காந்திருக்கான்?" என்று உருளைக்கிழங்குக்கார பசிலியா ஒருநாள் கேட்டாள்.

"புது பேஷன்டி. உன் வீட்டுக்காரனுக்கு முழுசா வளர்க்கவே துப்பில்ல, நீ பேசறியா?"

சிரித்துவிட்டு, அன்றிலிருந்து மறுபாதியை எர்மினியாவே மழித்துவிடத் தொடங்கினாள்.

பிறகு டாக்டர் அவர்களை மருத்துவமனைக் கூட்டத்துக்கு அழைத்தார். வெளியூர் மருத்துவர்களிடம், "ரொம்ப நல்லா தேறினவர் இவர்தான்" என்று காட்டினார். எர்மினியா புதுப் பாவாடை உடுத்தி வந்திருந்தாள். தட்டில் சால்டேனா என்னும் இறைச்சி அடைத்த மாவுப் பண்டங்கள் வந்தன. காசியானோ வலப்பக்கம் இருந்தவற்றைத் தின்று முடித்துக் கத்தினான்.

"மிச்சத்தை எங்கடி ஒளிச்சு வெச்சே? திருடி!"

அவள் கை தன்னை அறியாமல் தட்டைத் திருப்பியது. "அட, இங்கதான் இருக்கு" என்று அவன் மீதியைத் தின்றான்.

"இது எப்பலேர்ந்தும்மா?" என்றார் டாக்டர்.

"வீட்டுக்கு வந்ததுலேர்ந்தே, டாக்டரய்யா."

"சுல்மா கேட்டப்போ ஏன் சொல்லல?"

"உசுரு குடுத்தீங்க. நீங்க செஞ்சதுல குறைன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "நீங்க சொல்றதை நம்பித்தான்மா அடுத்த நோயாளிக்கு என்ன செய்யறதுன்னு முடிவு பண்றோம். இவருக்கும் இதுக்குன்னு பயிற்சி இருக்கு. அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம்."

சுல்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். அத்தனை தடவை வந்தும் காசியானோவிடம் ஒரு கேள்விகூட அவள் கேட்டதில்லை. எர்மினியா தோள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது காசியானோ பயிற்சிக்குப் போய்வருகிறான். சட்டையின் இடக்கையைச் சில நாள் தானே மாட்டிக்கொள்கிறான். தெருவைத் தனியாகக் கடக்க முடியாது. ஆய்வில் அவன் பெயர் துணை தேவைப்படுகிறவர்களோடு இருக்கிறது. சுல்மா வந்தால் எர்மினியா உள்ளதைச் சொல்கிறாள், அவள் முகத்தைப் பார்க்காமல்.