நடுவர்களுக்குப் போர்த்திய பொன்னாடை

ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, தலையில் துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, இன்றைக்குப் பதுளை பஜாரில் இரண்டு மாடித் துணிக்கடை வைத்திருக்கிறேன். இதை நானே சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் நான் சொல்லுவேன், அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாத தொழில் ஒன்று என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. மூத்த மகனின் பெண்சாதி, என் மருமகள், அனிமேஷன் படம் எடுக்கிற பிள்ளை. கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணிகளில் பொம்மை செய்வாள். அதை மேசையில் வைத்து ஒரு படம் பிடிப்பாள். மயிரளவு நகர்த்தி இன்னொரு படம். காலையில் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் பொம்மை ஒரு அடி எடுத்து வைத்திருக்கும். இந்த வேகத்தில் நான் மூட்டை சுமந்திருந்தால் இன்னும் ஹாலிஎலையைத் தாண்டியிருக்க மாட்டேன்.

அவள் எடுத்தது ஒரு அட்டையின் கதை. தேயிலைக் காட்டில் காலைப் பிடித்து இரத்தம் குடிக்குமே, அந்த அட்டைதான். கறுப்பு வெல்வெட் துணியில் செய்த அந்த அட்டை, கொழுந்தெடுக்கும் ஒரு பெண் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கில் ஒட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டு வெளியேறி, அப்புத்தளையில் ரயில் ஏறுகிறது.

"ஏம்மா, சின்ன வயசுல என் காலை அது விட்டு வச்சதே இல்ல. அதைப் போயி கதாநாயகனா போட்டிருக்கியே" என்றேன்.

"அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போமே மாமா" என்றாள்.

இந்த வேலைக்கு அவளுக்குக் கடையின் மேல்மாடி அறை வேண்டும். அங்கே நான் கைலிச் சாரக் கட்டும் வேட்டிக்கட்டும் அடுக்கி வைத்திருந்தேன். எனக்கோ, மகன் பாதி நாள் சரக்கெடுக்கப் போய்விடுவதால், காஷ் மேசையில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும். அந்த நேரம் பண்டாரவளையில் குறும்படப் போட்டி வந்தது. அனிமேஷனுக்கென்று தனிப் பரிசு. நான் வியாபாரி, சுற்றி வளைக்காமல் பேசினேன்.

"பரிசு வாங்கிட்டு வா, மாடி உனக்கு. வாங்கலேன்னா தீபாவளியிலருந்து காஷ் மேசை. சரியா?"

"சரி மாமா. அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

"என் பேச்சை நம்பித்தான் ஊவா மாகாணம் முழுக்க துணி வாங்குது" என்றேன்.

போட்டியன்று என் மனைவி, மருமகள், நான் மூன்று பேரும் கடைச் சரக்கு ஏற்றும் வானில், டிரைவரை ஓட்டச் சொல்லிப் போனோம். கடையை மகன் பார்த்துக்கொண்டான். மருமகள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மண்டபத்தை அடைந்ததும் படம் ஓட்டுகிற கம்ப்யூட்டரைச் சரிபார்க்க உள்ளே போய்விட்டாள்.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். கொழும்பிலிருந்து வந்த மூன்று நடுவர்கள், நடுவில் தலைவியான ஒரு அம்மா, வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. கோயில் திருவிழாவோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, புதுக்கடைத் திறப்போ, பதுளையில் வெளியூர் ஆட்களுக்குப் பொன்னாடை போர்த்தாமல் எந்தக் காரியமும் தொடங்காது. விழா நடத்துகிற இளவட்டங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் வானில் எப்போதும் அரை டசின் பொன்னாடை கிடக்கும். மூன்றை எடுத்துப் போய், நல்ல சரிகைக் கரையாகப் பார்த்துத்தான், மூன்று பேருக்கும் போர்த்தினேன். சும்மா போர்த்தினால் யார் என்று தெரிய வேண்டாமா?

"பதுளையில துணிக்கடை நம்மளது. அட்டைப் படம் எடுத்த பிள்ளை என் மருமகதான். நல்லாப் பாருங்க" என்றேன்.

தலைவி கும்பிட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். யாரோ படம்கூடப் பிடித்தார்கள்.

நான் என் இடத்துக்குத் திரும்புவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புத்தளைப் பக்கத்திலிருந்து போட்டிக்கு வந்த வாலிபன்.

"அப்ப எங்களுக்கு என்ன வழிங்க? எங்க மாமனாருக்குத் துணிக்கடை இல்லையே."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால் நடுவர்கள் மூன்று பேரும் எழுந்து ஓர் ஓரமாகப் போய்த் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். மருமகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"மாமா, என்ன பண்ணிட்டீங்க?"

"மரியாதை பண்ணினேன்."

"முடிவு சொல்ற ஆளுங்களுக்கு முடிவு சொல்றதுக்கு முன்னாடியா?"

தலைவி மேடையேறி, அட்டைப் படம் திரையிடப்படும், ஆனால் போட்டியில் சேராது என்று அறிவித்தார். மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

படம் ஓடியது. அட்டை கங்காணியின் காலுறைக்குள் புகுந்த இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ரயில் ஜன்னலில் அது தனியாக ஒட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. மலை முழுக்கப் பனி. அந்தப் பனி எங்கள் கடைக் கொசுவலைத் துணி என்று எனக்கு வெகுநேரம் தெரியவில்லை. நான் அளந்து வெட்டிய துணி. அதிகாலையில் மூட்டையோடு நடந்த பாதை எல்லாம் கண்ணில் வந்து நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"அட்டைக்கா அழுவுறீங்க?" என்றாள்.

"தூசி" என்றேன்.

பரிசு அந்த அப்புத்தளை வாலிபனுக்குப் போனது. அவன் படத்தில் களிமண் யானைகள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். முடிந்ததும் தலைவி பொன்னாடைகளை மடித்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"ஐயா, உங்க மருமக நல்லாச் செஞ்சிருக்காங்க. அதைச் சொல்ல வேண்டிய இடத்துல எங்களைச் சொல்லவிடாம ஆக்கிட்டீங்க" என்றார்.

பொன்னாடை போர்த்துவது குற்றம் என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கொடுத்ததைத் திருப்பி வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வான் ஹாலிஎலையைத் தொட்டது. மருமகள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாமா, நான் தோத்துட்டேனா?"

"இல்லம்மா. போட்டியிலதான் சேக்கலையே."

"தோக்கலைல்ல? அப்ப நான் ஏன் காஷ் மேசைக்கு வரணும்?"

"ஜெயிக்கவும் இல்லையே தாயி."

"ஜெயிக்க விட்டீங்களா?"

முன் இருக்கையிலிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்க முதலாளி. ஊவா முழுக்க நம்புற வாயாச்சே" என்றாள்.

மொத்த வியாபாரிகளோடு முகத்துக்கு நேராக மல்லுக்கட்டி விலை குறைத்தவன் நான். அன்றைக்கு இரண்டு பொம்பளைகள் கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து மாடிச் சாவியைக் கழற்றினேன். வளையம் லேசில் விடவில்லை, நகம் பெயர்ந்தது.

"நாளைக்கே கட்டெல்லாம் எறங்கணும் மாமா."

"தீபாவளிச் சரக்கும்மா. அதையெல்லாம் நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

"அது உங்க யோசனை" என்று சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

வேட்டிக்கட்டுகள் இப்போது என் படுக்கையறையில் கூரை தொட நிற்கின்றன. கட்டிலுக்குப் போக நான் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கிறது. காஷ் மேசையில், இந்த வயதிலும், நானேதான். மாடியில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த படத்துக்கு எதையோ மயிரளவு மயிரளவாக நகர்த்துகிறாள். என்ன கதை என்று கேட்டேன். அடுத்த போட்டி முடிகிற வரைக்கும் எனக்குச் சொல்ல மாட்டாளாம்.