கழுகு இருந்த இடம்

கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், துவக்குத் திருத்தும் பட்டறை ஒன்றில் ஐந்து வருடம் வேலை செய்தேன். இரண்டாயிரத்து மூன்றில் நிலம் கழுவத்தான் போனேன். பிறகு இரும்பைத் துடைக்கவும் மரப்பிடிகளுக்கு எண்ணெய் பூசவும் பட்டறையின் சொந்தக்காரி என்னைப் பழக்கினார். என்னைவிடப் பத்து வயது இளைய ஜெர்மன்காரி. வேலை கிடைத்ததைச் சொன்னதும் என் கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப நீர் அதைத் துடைக்கப் போறீரோ?"

"வேட்டைக்காரரின்ர துவக்குகள்தான்."

"அதுகளும் சுடும்."

முதல் மாதம், குழலின் வாய் என் பக்கம் இல்லாதபடி மேசையைச் சுற்றிவந்து நின்றுதான் துடைத்தேன். பட்டறைக்காரி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒவ்வொரு துவக்கையும் திறந்து, உள்ளே வெறுமையாக இருப்பதைக் காட்டிய பிறகே என் மேசையில் வைப்பார். நான் போகும்வரை ஒருநாள்கூட அதை மறக்கவில்லை.

ஒரு இலையுதிர் காலத்தில் அறுபது கடந்த ஒருவர் பழைய இராணுவத் துவக்கு ஒன்றோடு வந்தார். அதைத் துடைக்கும்போது, குழல் பொருந்தும் இரும்பு வளையத்தில் ஒரு இடத்தில் என் விரல் லேசாகத் தாழ்ந்தது.

"இதில தேய்ஞ்சிருக்கு" என்றேன்.

"தேயேல்லை, அராவினது" என்றார் பட்டறைக்காரி. அவர் டொச் மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "இரண்டாம் உலகச் சண்டை முடிய, எங்கட ஆமியின்ர துவக்குகளை யூகோஸ்லாவியா எடுத்தது. நாசிகளின்ர முத்திரை, கழுகும் சுவஸ்திகாவும், இருந்த இடத்தை அராவிப்போட்டுத் தங்கட ஆக்களுக்குக் குடுத்தவை."

வந்தவர் அதற்காகத்தான் வந்திருந்தார். "அந்தக் கழுகைத் திரும்பப் பொறிச்சுத் தாங்கோ. முந்தி இருந்த மாதிரி வேணும்."

"ஏலாது."

"உங்களுக்கு ஒரு பின்னேர வேலைதானே?"

"ஓம். ஆனால் செய்யமாட்டன்."

அவர் முகம் சிவந்தது. சட்டம் விடாது என்று ஒரு வசனத்தில் அவரை அனுப்பியிருக்கலாம், அது உண்மையும்கூட. பட்டறைக்காரி அப்படிச் செய்யவில்லை. கோப்பி ஊற்றிக் கொடுத்து, அவரைத் தன் கதிரையில் இருத்தி, விளக்கைச் சரித்துப் பிடித்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அராவிய கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின.

"கோபத்தில அராவியிருந்தால் ஆழமாய் வெட்டியிருக்கும், இரும்பும் பலவீனப்பட்டிருக்கும். இதை ஆரோ ஒராள் ஆறுதலாய், அளவு பார்த்துச் செய்திருக்கு. அந்த ஆளின்ர வேலையை நான் அழிக்கிறதோ?"

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அந்தப் பட்டறையில் எந்த வாடிக்கையாளரும் அதுவரை என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. என் உடைந்த டொச்சில் சொன்னேன்: "எங்கட நாட்டில இன்னும் ஒண்டையும் அராவத் தொடங்கேல்லை. அதுக்கு முதல் சண்டை முடியவேணும்."

அவர் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். சீருடையில் ஒரு இளைஞன், தோளில் அதே மாதிரித் துவக்கு. தகப்பனாம். இவர் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், திரும்பவில்லை. படத்தில் இருப்பதுபோல ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்றுதான் நினைத்ததாகச் சொன்னார். பட்டறைக்காரி படத்தை இரண்டு கையாலும் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, துவக்கின் பக்கவாட்டில் யூகோஸ்லாவியாக்காரர் பின்னர் குத்தியிருந்த சிரிலிக் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, அது எந்தப் பட்டறையில் அராவப்பட்டிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அன்று பூட்டும் நேரம்வரை வேறு வேலை நடக்கவில்லை.

கடைசியில் அவர் கேட்டது மரத்துக்கு எண்ணெய் மட்டும். நான்தான் பூசினேன். வெள்ளிக்கிழமை வந்து, அந்தப் பள்ளத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் இரண்டு பேர் கழுகு கேட்டு வந்தார்கள். ஒருவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அவருக்கும் பட்டறைக்காரி முதலில் கோப்பி ஊற்றித்தான் கொடுத்திருந்தார்.