அக்காவின் பீற்றூட் பாத்தியும் பக்கத்துத் தோட்டத்து ரெனாத்தேயும்

இந்த நினைவு மலரின் முதற்பக்கத்தில் அக்காவின் பிறப்பிடம் புன்னாலைக்கட்டுவன் என்றும் வதிவிடம் பிராங்பேர்ட் என்றும் அச்சிட்டிருக்கிறோம். இந்த இரண்டோடு இன்னோர் இடத்தையும் சேர்த்திருக்க வேண்டும். ரயில் பாதையோரம் வரிசையாக இருக்கும் வாடகைத் தோட்டங்களில் ஒன்று அது. தம் கணவரான அத்தான் காலமான பிறகு அக்கா வீட்டில் இருந்ததை விட அங்கே இருந்ததே அதிகம். ஓராண்டு நினைவுக்காகக் கூடியிருக்கும் உறவுகளுக்கு அதைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று ஒரே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அப்பா செம்மண்ணில் பீற்றூட்டும் வெங்காயமும் செய்தவர். ஆனால் ஊரில் இருந்தவரை அக்கா தோட்டப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. காலில் மண் ஒட்டும் என்று முகம் சுளிப்பார். பிரச்சினைகள் முற்றிய காலத்தில் தனியாக ஜேர்மனிக்கு வந்து, அகதி முகாமில் இருந்து, பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். என்னை இங்கே அழைத்தவரும் அவரே. எனக்குத் திருமணம் செய்து வைத்தார்; என் இரு பிள்ளைப்பேற்றுக்கும் பக்கத்தில் நின்றார். அவருக்கு என்று பிள்ளைகள் இல்லாதபடியால், அக்கா முழுமையாக எனக்குரியவர் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தில் மண்ணைப் போட்டவர் ரெனாத்தே. அக்காவோடு அதே சமையற்கட்டில் வேலை செய்த ஜேர்மன் பெண்மணி. அத்தான் போன துயரத்தில் அக்கா சுருண்டு கிடந்தபோது, தமது தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் காலியாகிறது என்று சொல்லி அழைத்துப் போனவர். முதல் ஆண்டு இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் வேலி இருந்தது. அடுத்த ஆண்டு அந்த வேலியில் போய்வர ஒரு படலை வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்களுக்கு அக்கா கிடைக்கமாட்டார். கரட் இழுப்பதும், செல்லறிக் கிழங்கு கிண்டுவதும், வெறும் பாத்திக்குக் கூட்டெரு போடுவதுமாகச் சனிக்கிழமைகள் போகும். மகளின் பிறந்தநாளுக்கு ஒருமுறை அழைத்தேன்.

"சனிக்கிழமை எனக்கு ரெனாத்தேயோடை டெர்மின் இருக்கு" என்றார், மருத்துவரிடம் நேரம் குறித்து வைத்ததுபோல.

"பெறாமகளின்ரை பிறந்தநாளை விடக் கிழங்கு கிண்டுறது பெரிசோ?"

"பிறந்தநாள் வருசா வருசம் வரும். ஐப்பசியிலை வெயில் லேசிலை வராது. கேக்கிலை ஒரு துண்டு எடுத்து வை, பின்னேரம் வாறன்."

வந்தார். நகக்கண்ணெல்லாம் மண்ணோடு, கையில் ஒரு கறிச்சட்டியோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை என்றே எழுதுகிறேன். நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று என் கணவர் கேட்டார். அக்காவைப் பற்றி எழுதும்போது எதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு புரட்டாதியில் அக்கா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நான் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பகல் முழுவதும் அருகில் இருந்தேன். ஒரு மாலையில் கண் விழித்து, "ரெனாத்தே வந்தவவோ?" என்று கேட்டார்.

"நான் தானே அக்கா பக்கத்திலை இருக்கிறன்."

"நீ இருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். அவ வந்தவவோ எண்டு கேட்டன். பீற்றூட் இன்னும் மண்ணுக்குள்ளை கிடக்கு."

அடுத்த வாரம் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். அந்தப் பீற்றூட்டை என் கையால்தான் எடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அது அக்கா ஊன்றிய கடைசிப் பயிர். வாழ்வில் பாதி சனிக்கிழமைகளை ரெனாத்தே எடுத்துக்கொண்டார். இதையாவது உடன்பிறந்தவள் எடுக்க வேண்டும் என்றிருந்தது.

ஆனால் சாவீட்டுத் துடக்கு நாட்களில் பயிருக்குள் இறங்குவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அக்கா பூச்சாடியைக்கூடத் தொட்டதில்லை. ஆகவே நானும் முப்பத்தொன்று முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். அந்தியேட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை, பைகளையும் பழைய சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

பாத்தி வெறுமையாகக் கிடந்தது. ஒரு கிழங்கு இல்லை. மண்ணைக் கிளறி, சமன் செய்து, மேலே சருகு பரப்பி நேர்த்தியாக மூடியிருந்தது. படலைக்கு அந்தப் பக்கம் ரெனாத்தே நின்றார். எனக்கு ஜேர்மன் மொழி அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"உங்களை ஆர் இதைத் தொடச் சொன்னது? இது என்ரை அக்காவின்ரை!" என்று தமிழிலேயே கத்தினேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. என்னைத் தமது சிறு குடிலுக்கு அழைத்துப் போனார். ஒரு மரப்பெட்டி நிறைய ஈர மணல். அதற்குள் அக்காவின் பீற்றூட், ஒன்றோடொன்று முட்டாமல். கெடாமல் இருக்கக் கழுவாமல் விட்டு, இலைகளைக் கத்தி வைக்காமல் கையால் திருகி எடுத்திருந்தார்.

"உறைபனி வரப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள்" என்றார் ரெனாத்தே ஜேர்மன் மொழியில். "நீங்கள் வருவீர்கள் என்று கடைசி மாலை வரை பார்த்தேன். விட்டிருந்தால் எல்லாம் அழுகியிருக்கும். பெட்டி உங்களுடையது. ஒரு பாத்தியை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறேன், அது நீங்கள் மூடுவதற்கு."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் செய்ததில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை என்பதே பெரிய ஆத்திரம். அந்தக் கடைசிப் பாத்தியில் கூட்டெருவைக் கொட்டி, சருகைக் குவியலாக அள்ளிப் போட்டேன். "இவ்வளவு கூடாது" என்றார் அவர் தமிழில், அக்காவிடம் கேட்டுப் பழகிய அதே தொனியில். பாதியை வாரி எடுத்துப் பரப்பிவிட்டார். நன்றி சொல்லாமலே பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதத் திதியான மாசிகத்துக்கு அந்தப் பீற்றூட்டைத்தான் படைத்தேன். கணவரின் வற்புறுத்தலால் ரெனாத்தேயையும் அழைத்திருந்தோம். அக்காவின் கறிபோலவே, நிறைய தேங்காய்ப்பால் விட்டு, எல்லோரும் பாராட்டும்படி சமைத்திருந்தேன். இதிலாவது நான் முந்திவிட்டேன் என்று மனம் நிறைந்திருந்தது. ரெனாத்தே ஒரு வாய் உண்டார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இது உங்களுடைய கறி" என்றார்.

"இல்லை, அக்காவுடையது. அக்கா இப்படித்தான் செய்வார்."

"உங்களுக்கு அப்படிச் செய்வார். குடிலில் எப்போதும் இரண்டு சட்டி வைப்பார். ஒன்றில் கண்ணில் நீர் வரும் அளவுக்கு மிளகாய்த்தூள். அதை நானும் அவரும் உண்போம். மற்றது சின்னவளுக்கு, அவளுக்கு வயிற்றுப் புண் என்று தனியாக வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவார்."

ஐம்பது வயதைத் தாண்டிய என்னை அக்கா அங்கே சின்னவள் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். எனக்கு அந்த வயிற்றுப் புண் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. சபையில் அழக்கூடாது என்று அடுப்படிக்குள் போய் அழுதேன். அழுகையோடு எரிச்சலும் வந்தது. அக்கா விரும்பி உண்ட கறியை நான் ஒரு நாளும் உண்டதில்லை. இந்த ஜேர்மன்காரி ஆண்டுக்கணக்காக உண்டிருக்கிறார்.

தோட்டச் சங்கத்தின் சம்மதத்தோடு அக்காவின் தோட்டம் இப்போது என் பெயரில் இருக்கிறது. படலை அப்படியே இருக்கிறது. அதன் வழியாக ரெனாத்தே வந்து என் வரிசை கோணல் என்கிறார். நான் ஊன்றியது நெருக்கம் என்கிறார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. இந்த ஆண்டு பீற்றூட் நன்றாகவே விளைந்தது.

அக்காவின் நோயின்போது உதவிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை நிறைவேற்றித் தந்த குருக்களுக்கும், தொலைவிலிருந்து வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்ன அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ரெனாத்தே அம்மையாருக்கும் நன்றி. இதை எழுத எனக்கு முழுமனம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். இன்று உங்கள் இலையில் பரிமாறப்படும் பீற்றூட் கறி, அக்கா தாம் உண்பதற்குச் சமைத்த கறி. அதைச் சமைக்க வேண்டியவள் நான். எனக்குத் தெரியாதபடியால் ரெனாத்தேயிடம் கேட்டேன். காலையிலேயே தலைமுழுகி வந்து அவர் சமைத்தார். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்தேன். மிகவும் உறைக்கும், பார்த்து உண்ணுங்கள். எனக்கென்று தனிச்சட்டி வைக்கவில்லை.