உஷாராணி அக்கா ஏந்திய வாள்

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பகடையைத் தொடுவார் உஷாராணி அக்கா. உருட்டுவதற்கு முன், எதிரே நிற்கும் அரக்கனிடம், அதாவது அவனுக்காகப் பேசும் என்னிடம், ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்: “பேசித் தீத்துக்கிடுவமா?”

தில்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மதியம் நடக்கும் கதை விளையாட்டு இது. கதையை நான் நடத்துவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை விழுகிறபடி பிழைப்பார்கள் அல்லது சாவார்கள். திருநெல்வேலிக்காரரான அக்கா வங்கி மேலாளர், எங்களில் மூத்தவர். அவர் எடுத்துக்கொண்டது புனித வீரர் பாத்திரம். பொய் சொல்லக் கூடாது, சரணடைந்தவரை வெட்டக் கூடாது. பதிலுக்கு, கை வைத்தால் காயம் ஆறும் வரம் உண்டு. அந்த வரத்தையே விட்டுக்கொடுத்தால் செத்தவர் ஒருவரை எழுப்பலாம். பூதமே பிடிபட்டாலும் அக்கா முதலில் அதற்குத் தண்ணீர் கொடுப்பார். “ஆண்ட்டி, ஜல்தி” என்று அவசரப்படுத்தி ஷ்வேதா, அஷ்வத் போன்ற இளசுகள் நெளியும்.

போன மாதம் ஷ்வேதாவின் பாத்திரமான திருடி, எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டாள். ஷ்வேதாவுக்கு அது வெறும் குறும்பு. ஆனால் அஷ்வத் இரண்டு வருடமாக வளர்த்த வில்லாளி அந்தச் சண்டையில் செத்துப்போனான்.

“அவளத் தூக்குல போடுங்க. இல்லேன்னா நான் இனிமே வரல” என்றான் அஷ்வத். திருடியை மட்டும் சொன்னதாகத் தெரியவில்லை. ஷ்வேதா எழுந்துவிட்டாள்.

கோட்டையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் புனித வீரர். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

“அவ செஞ்சது தப்புதான்” என்றார். பிறகு என்னிடம், “என் வரத்த நீ எடுத்துக்கோ. வில்லாளி எந்திரிக்கணும், இவளும் இருக்கணும்.”

“அக்கா, அப்புறம் நீங்க வெறும் ஆளு. திரும்பக் கிடைக்காது.”

“அச்சா. ரெண்டு பேர்ல ஒருத்தர விரட்டிட்டு, இந்த வாள வச்சு நான் என்னத்தல செய்ய?”

தன் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளில் வரம் இருந்த இடத்தை ரப்பரால் அழித்தார். அதைச் சம்பாதிக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அஷ்வத் கிளம்பிப் போனான்.

அடுத்த ஞாயிறு ஷ்வேதா முதல் ஆளாக வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அஷ்வத் தாமதமாக வந்தான். வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. “ஸாரி” என்று அவள் முனகினாள். அவன் காதில் விழுந்ததோ என்னவோ, அவளை விட்டுத் தள்ளி இருந்த நாற்காலியை நோக்கி நடந்தான்.

அக்கா தன் கைப்பையைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்தார். ஷ்வேதாவுக்குப் பக்கத்து நாற்காலியைக் காலால் மெல்ல வெளியே தள்ளினார்.