சைனப் நம்பாத கூழ்

சைனப் எதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் வாங்கமாட்டாள். மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை மொட்டை அழுத்துவாள், தக்காளியை அழுத்துவாள், கறிக்கடையில் தொடைக்கறியை அழுத்திவிட்டு, "நேத்து அறுத்ததா பாய்?" என்று கேட்பாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் இட்லியையும் அழுத்தியிருக்கிறாள். சொன்ன குறை சரிதான், அதனால் நான் சண்டை போடவில்லை.

அவள் புருஷன் பாதுஷா நேர்மாறு. யார் எது சொன்னாலும் நம்புவார். பூ மூட்டை ஏற்றும் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். மேலூர் ரோட்டில் கல் ஏற்றி வந்த லாரி இடித்ததில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. தகடு வைத்தார்கள், சீழ் பிடித்தது. தகட்டையும் கெட்டுப்போன எலும்பையும் எடுத்தார்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பே இல்லை. காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டிக் கம்பி கோத்து நிறுத்தி வைத்தும், மாதக்கணக்கில் ஒன்றும் கூடவில்லை. முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். இடது கால் போனால் கிளட்ச் மிதிக்க முடியாது. அந்த மனுஷனுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் வெங்கடேஷ்பாபு என்ற எலும்பு டாக்டர் புதுசாக ஒரு ஜெல்லைச் சோதித்துப் பார்க்கிறார் என்று தெரிந்து போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

"இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்து, இந்த ஜெல்லுல கலந்து, எலும்பு இல்லாத இடத்துல வைப்போம். அதைப் பிடிச்சுக்கிட்டுப் புது எலும்பு வளரும். வளர வளர ஜெல்லு கரைஞ்சு போயிடும்" என்றார் டாக்டர்.

"செலவு?" என்றாள் சைனப்.

"எல்லாம் எங்களோடதும்மா."

சைனப் என் தொடையைக் கிள்ளினாள். "சும்மா தாராங்கன்னா ஏதோ இருக்குக்கா" என்று காதில் சொல்லிவிட்டு, டாக்டரிடம் திரும்பினாள். "இது எதுல செஞ்சது? பன்னி கின்னி கலந்திருக்கா?"

"இல்லம்மா. கடல்ல வளர்ற பாசியில எடுக்கிறது."

"கடல்பாசியா?"

நோன்பு மாதம் முழுக்க அவள் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவார்கள். பாலும் சீனியும் விட்டுத் தட்டில் ஊற்றி, இறுகியதும் துண்டு போடுவார்கள். எனக்கும் ஒரு தட்டு வரும்.

"கேட்டீங்களாக்கா? நான் நோன்பு தொறக்கக் காய்ச்சுறதை இவரு எங்க மச்சான் காலுக்குள்ள ஊத்தப்போறாராம்."

"அது வேற பாசிம்மா."

"இது தொட்டா ஆடுமா, ஆடாதா?"

"ஆடும்."

"ஆடுற கூழு எப்படி டாக்டரே அம்புட்டுப் பெரிய ஆளைத் தாங்கும்?"

"தாங்குறது வெளிய இருக்கிற கம்பி. இது அவரைக்கொடிக்குப் பந்தல் போடுற மாதிரி."

"கொடி ஏறுறதுக்குள்ள பந்தல் கரைஞ்சுட்டா?"

"எங்க கவலையும் அதுதாம்மா."

"விடு சைனப், படிச்சவங்க சொல்றாங்க" என்றார் பாதுஷா.

"நீங்க சும்மா இருங்க மச்சான். லாரிக்காரன் ஒதுங்குவான்னு நம்புனவருதானே நீங்க." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இதுக்கு முன்னாடி யாருக்கு வச்சீங்க?"

"ஆளுங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு இப்பத்தான் வச்சிருக்கோம், இன்னும் சொல்ல முடியல. அதுக்கு முன்னாடி முயலுக்கு."

"முயலு நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு. எலும்பு கூடுச்சு."

"அப்ப அந்த முயலைக் கொண்டாங்க. நான் நடக்கவிட்டுப் பாக்குறேன்."

டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். சிரித்து மழுப்பப்போகிறார் என்று நினைத்தேன்.

"இல்லம்மா. உள்ள எலும்பு எப்படி வளந்துருக்குன்னு பாக்க, அதுகளைக் கொன்னுதான் பாத்தோம்."

பாதுஷாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சைனப் விருட்டென்று எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே போனேன். வராண்டாத் தூணில் சாய்ந்து நின்றாள்.

"வீட்டுக்குப் போவோமா?" என்றேன்.

"பொய் சொல்லியிருக்கலாம்லக்கா. முயலை வேற ஊருக்குக் குடுத்துட்டோம்னு சொன்னா நாம போயா பாக்கப்போறோம்? தகடு வச்சவரு கேரண்டின்னாரு. நாட்டுக்கட்டுப் போட்டவன் ஓடவே செய்வாருன்னான். இவரு ஒருத்தருதான் தெரியலங்கிறாரு."

திரும்ப உள்ளே போனாள். "வைங்க. ஆனா படம் எடுக்கிறப்பல்லாம் நான் வாசல்ல நிப்பேன். வேற ஆளோட படத்தை நீட்டி ஏமாத்தக்கூடாது."

ஜெல்லை வைத்தார்கள். அவளும் சொன்னபடியே நின்றாள். எக்ஸ்ரே படம் கைக்கு வந்ததும் முதலில் பெயரைத்தான் பார்ப்பாள். வீட்டு ஜன்னலில் தூக்கிப் பிடித்து எனக்கும் காட்டுவாள். முதல் படங்களில் எலும்பு இல்லாத இடம் கறுப்பாகவே இருந்தது. "பந்தல் கரைஞ்சுபோச்சுக்கா" என்று சொல்லி அன்றைக்கு உலையே வைக்கவில்லை. அப்புறம் ஒரு படத்தில் அந்தக் கறுப்புக்குள் பீடிப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. "பிரிண்டு சரியில்ல" என்றாள். அடுத்தடுத்த படங்களில் புகை கெட்டியானது. அப்போதும் படத்திலிருந்த பெயரைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மறு வருஷம் வளையத்தைக் கழற்றினார்கள். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி, "பாருங்கம்மா, கூடிடுச்சு" என்றார்.

சைனப் படத்தைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாதுஷாவின் எதிரே மண்டிபோட்டு, அவர் இடது பாதத்துக்கு நேராக இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

"கிளட்சுன்னு நினைச்சுக்கங்க. மிதிங்க மச்சான்."

"உனக்கு வலிக்கும்ல."

"வலிக்குதான்னு பாக்கத்தான் சொல்றேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். அவள் சறுக்கிப் போய் ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். நான் பிடிக்கப் போனதைத் தட்டிவிட்டாள்.

"கியரு விழ இன்னும் நாளாகும்" என்றாள்.

"இப்பவாவது நம்புறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"மச்சான் காலை நம்புறேன். ஆனா உங்க கூழுதான் வளத்துச்சா, எலும்பு தானா வளந்துச்சா?"

"ஒரு ஆளை வச்சு அதைச் சொல்ல முடியாதும்மா."

"அப்ப நானும் சொல்லமாட்டேன்" என்றவள், கட்டைவிரலால் எலும்பு இல்லாமலிருந்த அந்த இடத்தில் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"யம்மா!" என்று கத்தினார் பாதுஷா.